நாகரத்தினத்தின் குரலுக்கு மூன்றாவது அனுமதி

அக்டோபர் 3, வெள்ளி

என் மனைவி நாகரத்தினத்தின் குரலை இல்லாமல் செய்தவர் என் மாப்பிள்ளை திவாகர். இதை முதல் வரியாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொன்னால் இந்த நோட்டு பதில் சொல்லட்டும்.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு ஆகஸ்டில் புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறாள். அறுவைக்கு முன்பு பதினோரு நாள், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, எண்ணூறு வாக்கியங்களை மைக்கில் படித்தாள். சத்தம் பதிவாகிவிடும் என்று அந்தப் பதினோரு நாளும் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும், வீட்டு முன்புறம் இருக்கும் என் ரீவைண்டிங் பட்டறையில் ஒரு மோட்டாரையும் நான் ஓட்டவில்லை. அந்தப் பதிவுகளைக் கொண்டு ஒரு கம்பெனி அவள் குரலைச் செய்து கொடுத்தது. லேப்டாப்பில் தட்டினால் அவள் குரலிலேயே பேசும். "ஏனுங்க" என்று அவள் இழுப்பது அப்படியே வரும்.

லைசன்ஸ் இரண்டு மெஷினுக்கு. முதலாவது எங்கள் பழைய கம்ப்யூட்டரில் போனது. அதை நானே கழற்றிப் பார்த்தேன், அப்புறம் அது எழவில்லை. இரண்டாவது இந்த லேப்டாப். ஃபார்மட் போட்டுப் புது ஓ.எஸ். ஏற்றுவதானால், அதற்கு முன் மென்பொருளுக்குள் போய் 'லைசன்ஸைத் திருப்பிக் கொடு' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தாமல் அழித்துவிட்டால், பழையது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே கம்பெனியில் பதிவு நிற்கும். அதே லேப்டாப்பில் மறுபடி ஏற்றினாலும் அது மூன்றாவது மெஷின்.

செப்டம்பர் 28, ஞாயிறு மாலை, "ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க மாமா" என்று சொல்லி மாப்பிள்ளை ஃபார்மட் போட்டார். அழுத்த வேண்டியதை அழுத்தவில்லை. மறுபடி ஏற்றியதும் எழுபத்திரண்டு மணி நேரம் தற்காலிகமாகப் பேசியது; அந்தக் கெடுவுக்குள் அதே மெஷின்தான் என்று கம்பெனியில் உறுதி செய்ய வேண்டும். நேற்று விஜயதசமி அன்று திறந்தபோது பேசவில்லை.

அவர் படித்தவர். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. நான் ஆறாம் வகுப்பு. மோட்டார் காயில் கட்டுவதை யாரிடமும் கற்கவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்துச் சுற்று எண்ணிக் கற்றேன். எண்ணாமல் எதையும் நான் பிரித்ததில்லை.

அக்டோபர் 4, சனி

கம்பெனிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். யார் பிழை என்பதைத் தேதி, மணியோடு குறித்திருக்கிறேன். கம்பெனியில் பெனிட்டா என்ற பெண் போனில் மரியாதையாகப் பேசுகிறாள். மூன்றாவது அனுமதி கேட்கலாமாம், அதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம். குரலைத் திருடி வேறு மெஷினில் போட்டு, ஊரை ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் விளக்கம் கேட்பார்களாம். கெடு முடிந்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் தெளிவான விளக்கம் வராவிட்டால் குரலை நிரந்தரமாக அழித்துவிடுவார்கள். அது நாகரத்தினமே கையெழுத்துப் போட்ட விதி. கடைசி நாள் அக்டோபர் 16.

அழித்தால் மறுபடி பதிவு செய்ய அவளுக்குக் குரல்வளை இல்லை.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் தண்டுகளைக் குப்பையில் போட எழுந்து போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

உடுமலையிலிருந்து அவளுடைய அண்ணன் அங்கப்பன் போன் செய்யும் நாள். சர்க்கரையால் அவருக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம் ஆகிறது. மற்றவர்களுக்கு அவள் நோட்டில் எழுதிக் காட்டிவிடுவாள். அவருக்கு அது ஆகாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் லேப்டாப்பைப் போன் பக்கத்தில் வைத்துத் தட்டுவாள், அவர் கேட்பார். இவளுக்கு இரண்டு விரல்தான் ஓடும். ஒரு வாக்கியத்துக்கு அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

இன்று போன் வந்தது. எடுத்தாள். "ரத்தினம்? அம்மிணி, கேக்குதா?" என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. பேனாவால் போனைத் தட்டினாள். லைன் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டார். மறுபடி செய்தார். நான்கு முறை.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கப்பனோடு நான் பேசிப் பதினாறு வருடம் ஆகிறது. தன் கிணற்று மோட்டாரை, நான் இருக்கும்போது, பல்லடத்தில் வேறொருவனிடம் கொடுத்துக் காயில் கட்டிக்கொண்டார். தங்கை வீட்டுக்காரன் தொழிலே அதுவாக இருக்கும்போது. பேசாமல் இருக்க இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பிறகு என் மகள் சுகன்யா அவருக்குப் போன் செய்து, மெஷின் ரிப்பேர் என்று சொன்னாளாம்.

அக்டோபர் 6, திங்கள்

மாவு அரைக்கும் மெஷின் மோட்டார் ஒன்று வந்தது. கட்டி, வார்னிஷ் போட்டு வெயிலில் வைத்தேன். வீட்டில் சத்தமே இல்லை.

அக்டோபர் 8, புதன்

கடிதம் திரும்பி வந்தது. நான்கு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒன்று, லைசன்ஸை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு, செப்டம்பர் 30 மாலையிலிருந்து அக்டோபர் 2 காலை வரை மெஷின் ஏன் அணைந்து இருந்தது. அந்த நேரத்தில் உறுதி செய்திருக்கலாமே.

முதல் கேள்விக்கு என் கடிதத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி தேவையற்றது.

சுகன்யா போனில் கேட்டாள், அந்தப் புத்தகத்தை நான் படித்திருந்தேன்தானே என்று. படித்திருந்தேன். மென்பொருளோடு வந்த நாற்பத்தாறு பக்கத்தையும், அகராதி வைத்துக்கொண்டு, இரண்டு முறை. பக்கம் 31-இல் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இருக்கிறது. சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை ஃபார்மட் போடும்போது நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்காதவருக்குச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கே படித்தீர்கள் என்று ஒருமுறை சிரித்தவர் அவர்.

அது விளையாட்டுக்குச் சொன்னது என்கிறாள் சுகன்யா. இருக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாவது கடிதம் அனுப்பினேன். மெஷின் அணைந்திருந்ததற்கு 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணம்' என்று எழுதினேன். பொய் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

திரும்பி வந்தது. பெனிட்டாவே போன் செய்தாள்.

"சார், ஒரே ஒரு வரி உண்மையா எழுதுங்க. குழுவுக்கு அது போதும். யாரையும் தண்டிக்கிறதுக்கு இல்ல."

"உங்களுக்குத்தான் தெரியுமே, அன்னிக்குக் காலையில நீங்கதான பேசினீங்க."

"எனக்குத் தெரியும் சார். நான் எழுதக் கூடாது. நீங்கதான் எழுதணும், லைசன்ஸ் உங்க பேர்ல இருக்கு. அம்மாவும் வீடியோல வந்து அந்தக் கடிதத்துக்கு ஒத்துக்கணும்."

குரல் அவளுடையது, லைசன்ஸ் ஏன் என் பெயரில் என்று சுகன்யா இதற்கு முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறாள். இந்த வீட்டில் கரண்டு பில், கேஸ், தண்ணீர் எல்லாம் என் பெயரில்தான்.

அக்டோபர் 11, சனி

மாப்பிள்ளையும் சுகன்யாவும் வந்தார்கள். நாகரத்தினம் பருப்பு வடை சுட்டாள். மாப்பிள்ளை வடையைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். கம்பெனிக்கு எழுதியது. லைசன்ஸைத் திருப்பாமல் ஃபார்மட் போட்டதும் தான்தான், அதன்பின் மெஷினை ஆன் செய்யாமல் மறந்து வைத்திருந்ததும் தான்தான் என்று.

"நானே எழுதிக் குடுத்தர்றனுங்க மாமா. நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க. அத்தைக்குக் குரலு வந்தாப் போதும்."

அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. முதல் பிழை அவருடையதுதானே. பேனாவை எடுத்தேன். நாகரத்தினம் சமையலறையிலிருந்து வந்து, கையைப் புடவையில் துடைத்து, தாளை எடுத்துப் படித்தாள். நிதானமாக, கடைசி வரி வரைக்கும். நான்காக மடித்து எண்ணெய் வடியும் வடைத் தட்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு தன் நோட்டில் எழுதி மாப்பிள்ளையிடம் காட்டினாள், என்னிடம் இல்லை. அவர் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சுகன்யா எனக்காக வாசித்தாள்.

"பொய் சொல்லி வாங்குன குரல்ல நான் எங்கண்ணங்கிட்ட என்ன பேசறது? இதுக்கு நான் வீடியோவுல தலையாட்ட மாட்டேன்."

மாப்பிள்ளை அப்போதுதான் வடையைத் தின்றார். ஆறிப்போயிருக்கும்.

போகும்போது சுகன்யா வாசலில் நின்று, "அப்பா, அஞ்சு நாள்தான் இருக்குதுங்க" என்றாள். எனக்கு எண்ணத் தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பத்து மணிக்கு போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் அம்மிணி," என்றார் அங்கப்பன். "சுகன்யா சொன்னா. சும்மா மூச்சு விடு, கேட்டுக்கறேன்."

அவள் போனை எடுத்துக் கழுத்துத் துளைக்கு அருகில் பிடித்தாள். அவள் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பதினான்கு மாதமாகப் பக்கத்தில் படுக்கிறேன். போனில் அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எருமை கன்று போட்டதையும், மழை வராததையும், பேரன் வாங்கித் தந்த ரேடியோவில் எல்லா நிலையமும் ஒரே பாட்டைப் போடுவதையும் சொன்னார். அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் வராது.

"அவரு பக்கத்துல இருந்தா ஒரு தட்டு தட்டு."

தட்டினாள்.

"சௌக்கியமா இருக்கறாரா?"

அவள் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தட்டவில்லை.

"செரி. பல்லடத்துல கட்டுன மோட்டாரு இன்னும் ஓடுதுன்னு அவருகிட்டச் சொல்லிரு. பதினாறு வருசம்."

என்னை அறியாமல் போனை வாங்கிவிட்டேன். "ஒரே கட்டுல பதினாறு வருசமெல்லாம் ஓடாதுங்க. நடுவுல ரெண்டு தடவையாவது பிரிச்சிருப்பீங்க."

"மாப்ளைங்களா?" என்றார், தங்கை புருஷனைக் கூப்பிடும் முறையில். "மூணு தடவை பிரிச்சோமுங்க. உங்க வாயி தொறக்கட்டும்னுதான் சொன்னேன்."

போனை மறு கைக்கு மாற்றினேன்.

"அவ குரலு எங்கீங்க மாப்ள?"

"வரும்."

"எப்பங்க?"

போனை நாகரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவும் இல்லை. செப்புக் கம்பிச் சுருள்களை அளவு வாரியாக அடுக்கினேன். முன்பே அளவு வாரியாகத்தான் இருந்தன.

அக்டோபர் 13, திங்கள்

இது என் நோட்டு. இதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கெடு அக்டோபர் 1, மாலை ஆறு மணி. அன்று ஆயுத பூஜை. செப்டம்பர் 29, திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்தேன், ஆனால் உறுதி செய்வதற்காகத் திரையில் வந்த எட்டு எண்ணைப் படிக்கவில்லை. பிழை மாப்பிள்ளையுடையது என்று முதலில் எழுத்தில் பதியச் சொன்னேன். நாற்பது நிமிடம் கேட்டேன், பதியவில்லை, வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை தானே வந்து முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். வர வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன். அன்று பட்டறை கழுவும் வேலை. மாலையில் கருவிகள் எல்லாவற்றையும் துடைத்துப் பூஜைக்கு அடுக்கினேன். வைண்டிங் மெஷின், டெஸ்டர், கட்டிங் பிளேயர், சுத்தியல். லேப்டாப்பையும் வைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். சென்ற ஆண்டு அறுவை முடிந்த புதிதில் அது வீட்டில் இல்லை, சர்வீஸுக்குப் போயிருந்தது. இந்த ஆண்டுதான் முதல் பூஜை. பொட்டு வைத்த கருவியை விஜயதசமி அன்று மறுபூஜை பண்ணி எடுக்கும் வரை தொடக் கூடாது. ஐம்பது வருடமாக என் பட்டறையில் இதை யாரும் மீறியதில்லை.

வைக்கப் போகும்போது நாகரத்தினம் லேப்டாப்பைத் தரச் சொல்லிக் கை நீட்டினாள். அவசரமாக இரண்டு விரலால் தட்டினாள். அது பேசியது.

"இது ஆயுதம் இல்லீங்க. என்ற தொண்டைங்க."

நான் மூடியைச் சாத்தினேன். "ஒரு நாள் பேசாம இருந்தா ஒண்ணும் ஆயிராது" என்றேன்.

புதன் காலை பெனிட்டா தானாகவே கூப்பிட்டாள். ஆன் செய்து அந்த எட்டு எண்ணை மட்டும் படியுங்கள் சார், இரண்டு நிமிடம் என்றாள். பூஜையில் இருக்கிறது, நாளைக்கு என்றேன். நாளைக்கு முடியாது சார் என்றாள். எங்கள் வீட்டு வழக்கத்தை உங்கள் கம்பெனி தீர்மானிக்க வேண்டாம் என்று சொன்னேன். நாகரத்தினம் பொரி, கடலையைத் தட்டில் போட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தாள். எல்லாம் கேட்டாள். காது நன்றாகவே கேட்கும் அவளுக்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். மழை.

அக்டோபர் 15, புதன்

கடிதம் ஒன்பது வரியில் முடிந்துவிட்டது. இதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

லைசன்ஸைத் திருப்பாமல் ஃபார்மட் போட்டவர் என் மாப்பிள்ளை. அந்த விதியைப் படித்திருந்தும் சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். மெஷினைப் பூஜையில் வைத்து அணைத்தவன் நான். உங்கள் ஊழியர் எச்சரித்தார், நான் மறுத்தேன். என் மனைவி வேண்டாம் என்று சொன்னாள், நான் கேட்கவில்லை. குரல் அவளுடையது. அவள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அனுமதியை அவள் பெயரில் தரவும். வெ. நாச்சிமுத்து.

முதல் பிழை மாப்பிள்ளையுடையது என்பதை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். அது உண்மை. மற்றதும் உண்மையாகத்தான் இருக்கிறது.

நாகரத்தினத்திடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தாள். ஐந்தாவது வாக்கியத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பேனாவை எடுத்து, 'வேண்டாம் என்று சொன்னாள்' என்ற இடத்துக்கு மேலே சின்னதாக, 'கெஞ்சினாள்' என்று எழுதினாள். நான் மறுபடி சுத்தமாக எழுதினேன், அவள் திருத்தியபடியே.

அக்டோபர் 16, வியாழன்

காலை பதினொன்று பத்துக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு வீடியோ. பெனிட்டாவோடு, குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மனிதரும் இருந்தார். கடிதத்தை முழுதாகப் படித்தார். என் வீட்டில், என் எதிரே, என் பிழையை ஓர் அந்நியர் சத்தமாகப் படித்தார். உட்கார்ந்து கேட்டேன். இதெல்லாம் உண்மையா அம்மா என்று கேட்டார். நாகரத்தினம் தலையாட்டினாள். இந்தக் குரல் உங்களுக்கு மறுபடி வேண்டுமா என்றார். அவள் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, நோட்டு கேமரா பக்கம் திரும்பியிருந்தது. பெனிட்டா மட்டும் சிரித்தாள்.

அழிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு தீபாவளி கழித்துச் சொல்வார்களாம். தருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. தர மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

இனி ஆக வேண்டியவை:

அனுமதி வந்தால் திரையில் வரும் எண்ணைப் போனில் படிப்பது: நாகரத்தினத்தால் முடியாது, ஆகவே சுகன்யா. நான் இல்லை.

லைசன்ஸ், பாஸ்வேர்டு, கம்பெனியிலிருந்து வரும் மெயில் எல்லாவற்றையும் அவள் பெயருக்கு மாற்றுவது: மாப்பிள்ளை. கையெழுத்துப் போடுவது: நான்.

பக்கம் 31-ஐத் தமிழில் எழுதி லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டுவது: நான். நாளைக்கே.

மாப்பிள்ளையிடம் போய்ப் பேசுவது: நான். தீபாவளிக்கு அவர்கள் வருவதற்கு முன்பு. அவர் வீட்டுக்குப் போய்.

குரல் வராது என்று முடிவானால் அதை அவளிடம் சொல்வது: நான். வேறு யாரும் சொல்லக் கூடாது.

அதுவரை ஞாயிறு பத்து மணிக்கு, நாகரத்தினம் நோட்டில் எழுதுவதை அங்கப்பனுக்குப் போனில் வாசிப்பது: நான். எழுதியது எழுதியபடியே வாசிக்க வேண்டும். என்னைப் பற்றி எழுதியிருந்தாலும்.